அரேபியத் தூசியும் ஷோபாதாயியின் அப்பளமும்

1

நான் பம்பாய்க்கு வந்து இந்த ஆடியோடு பதினாறு வருடம் முடிகிறது. தாதரில் ரயிலை விட்டு இறங்கிய நாளைக் கொண்டாடுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. ஆனால் இந்த வருடம் அதே வாரத்தில் மாட்டுங்காவில் தமிழர் கூட்டம் ஒன்று நடந்தது. என் வீட்டுக்காரர் விடாப்பிடியாக என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஊரிலிருந்து வந்திருந்த பேச்சாளர் ஒருவரிடம் நான் பார்க்கும் வேலையைப் பற்றி யாரோ காதில் போட்டிருக்கிறார்கள். மேடையேறியவர், "பாலைவனத்துத் தூசி கடல் தாண்டிப் பறந்து வந்து எங்கோ இருக்கிற காட்டுக்கு உரமாகிறதாம். நாமும் அப்படித்தான். வந்த இடத்துக்கு உரமானவர்கள்!" என்றார். அரங்கம் அதிரக் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

அந்தத் தூசியை இரண்டு வருடமாக அள்ளி, கழுவி, அதில் என்ன இருக்கிறது என்று பார்த்தவள் நான். அது உரமானதும் தெரியும். அதை அள்ளப் போய் நான் ஒரு குடும்பத்தைக் கட்டடத்தை விட்டே துரத்தியதும் தெரியும். பேச்சாளருக்கு முதல் பாதி மட்டும் போதுமாக இருந்தது. ஊரில் இருக்கிற உங்களுக்கும் எப்போதும் முதல் பாதிதான் வந்து சேருகிறது. அதனால் இரண்டாம் பாதியையும் எழுதிவிடுகிறேன்.

2

பாஸ்பரஸ் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது கல்லூரியில் அல்ல. கோவில்பட்டிப் பக்கம் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டுவார்கள். பெட்டியின் பக்கவாட்டில் தடவுகிற மருந்தில் அதுதான் இருக்கிறது என்று பெட்டிக்கட்டு எடுக்க வருகிற ஏஜெண்ட் சொல்லுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பசைக் கிண்ணத்தின் முன்னால் உட்கார வேண்டும். சாப்பிடும்போதும் விரலில் பசை நாறும். அந்தத் தெருவை நினைத்து நான் ஒருநாளும் கண் கலங்கியதில்லை. வேதியியலில் பட்டம் வாங்கியதும், ரயில்வேயில் வேலை பார்க்கும் பம்பாய் மாப்பிள்ளைக்குச் சரி என்றதும் அங்கிருந்து தப்பிக்கத்தான்.

செம்பூரில் இரண்டு அறை வீடு, நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது. எனக்கு ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் தற்காலிக வேலை. வருடா வருடம் ஒரு காகிதம் வந்தால் வேலை நீடிக்கும், வராவிட்டால் வீட்டில் இருக்க வேண்டியதுதான். என் மேலதிகாரி டாக்டர் சேஷாத்ரி மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். மற்றவர்கள் எதிரில் என்னிடம் ஆங்கிலம்தான் பேசுவார். யாரும் இல்லாதபோது தமிழ் வரும்.

தூசி வேலையை என்னிடம் கொடுத்த அன்று அவர் தமிழில்தான் சொன்னார். "நைட்ரஜன் காத்துலேர்ந்து கிடைக்கறது. பாஸ்பரஸ் அப்படிக் காத்துல வாயுவா இல்லை, பாறை கரைஞ்சாத்தான் உண்டு. இங்க மேற்கு மலையில வருஷா வருஷம் கொட்டற மழை, மண்ணுல இருந்ததை எல்லாம் கரைச்சுக் கடலுக்குக் கொண்டு போயிடறது. அப்புறம் காடு எப்படிப் பச்சையா நிக்கறது?"

"எனக்கு எப்படி சார் தெரியும்?" என்றேன்.

"வேற யாரோட பாறையோ தூளாகி, காத்துல வந்து விழறதோன்னு ஒரு சந்தேகம். அரேபியா, ஈரான், நம்ம ராஜஸ்தான். துளித் துளியாத்தான் விழும். ஆனா ஆயிரக்கணக்கான வருஷம் விழறதே! கடல்ல விழுந்தாலும் அங்க இருக்கற பாசிக்கு அதான் சாப்பாடு. எவ்வளவு விழறதுன்னு நாம அளக்கணும்."

குளிர் முடிந்து மழை தொடங்குகிற வரைக்கும் இங்கே வடமேற்கிலிருந்து காற்று வரும். சில நாள் வானம் அழுக்கு வெள்ளையாகிவிடும். துடைத்த ஜன்னல் கம்பியில் மறுநாளே மஞ்சள் பழுப்பாக ஒரு படலம் இருக்கும். பதினான்கு வருடமாக அதைத் திட்டிக்கொண்டே துடைத்தவள் நான். அதையே சேகரித்துக் கொடுத்தால் சம்பளம் என்றார்கள்.

3

சேகரிக்கிற முறை எளிது. அகலமான பிளாஸ்டிக் தட்டில் கோலிக்குண்டுகளை இரண்டு அடுக்காகப் பரப்பி மாடியில் வைக்க வேண்டும். விழுகிற தூசி குண்டுகளுக்கு இடையே இறங்கிவிடும், காற்று திரும்பத் தூக்கிக்கொண்டு போகாது. காக்கை எச்சம் விழாமலிருக்க மேலே ஒரு வலை. வாரம் ஒருமுறை குண்டுகளைச் சுத்தமான நீரில் அலசி, அந்த நீரைப் பாட்டிலில் பிடித்துக் கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே அமிலம் சேர்த்துக் காய்ச்சி, மருந்து ஊற்றினால் பாஸ்பரஸ் இருக்கிற அளவுக்கு நீலம் வரும்.

எங்கள் கட்டடத்து மொட்டை மாடியையும் ஓர் இடமாக வைத்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். அதற்கு சொசைட்டியின், அதாவது கட்டடத்துக்காரர்கள் சங்கத்தின், அனுமதி வேண்டும். விண்ணப்பத்தை மூன்று பிரதி எழுதச் சொன்னார் செக்ரட்டரி பாட்டியா. எழுதினேன். ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து முத்திரை வேண்டும் என்றார். வாங்கினேன். முத்திரை சரியாக விழவில்லை என்றார். ஐந்து வாரம் போயிற்று. அந்த ஐந்து வாரமும் காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது.

ஒருவழியாகத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனால், அங்கே பாதி இடத்தில் அப்பளம் காய்கிறது. நடுவில் ஷோபாதாயி. தாயி என்றால் மராட்டியில் அக்காள். தரைத்தளத்து ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தவள். புருஷன் பரேலில் மில் தொழிலாளி. பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அவனை மில்லில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. இவள் அப்பளம் இட்டுக் கடைகளுக்குப் போட்டுத்தான் வீடு நடந்தது.

"என்ன இது?" என்று இந்தியில் கேட்டாள்.

என் இந்தி மார்க்கெட் இந்தி. தூசிக்கு அவர்கள் சொல் 'தூல்' என்பது மட்டும் தெரியும். "ஹம் தூல் பகட்தா" என்றேன். நான் தூசி பிடிக்கிறேன் என்பதைத்தான் ஆண்பாலில் சொல்லியிருக்கிறேன். துணி காயப் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

"என் அப்பளத்து மேலயும் தினம் விழுது. வந்து பிடிச்சிட்டுப் போ, காசு வேணாம்" என்றாள் ஷோபாதாயி.

அன்று முதல் கட்டடத்தில் எனக்குத் 'தூல்வாலி', தூசிக்காரி, என்று பெயர். பால்காரன்கூட அப்படித்தான் கேட்டான். அவள் கேலியாகச் சொன்னாளா, சாதாரணமாகச் சொன்னாளா என்று இன்று யோசிக்கிறேன். அன்று யோசிக்கவில்லை. எனக்கு எதிரி ஒருத்தி தேவைப்பட்டாள், கிடைத்தாள்.

4

முதல் வாரத்து நீரைச் சோதித்தபோது குழாயில் மசி கரைத்த மாதிரி நீலம். இரண்டாவது வாரமும் அதேதான். நான் குதூகலமாக டாக்டரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது தூசி இல்லை. பாலைவனத்தையே கொண்டு வந்து கொட்டினாலும் இவ்வளவு வராது. உங்க மாடியில யாராவது துணி தோய்க்கறாளா?"

"ஏன் சார்?"

"சோப்புப் பவுடர்ல பாஸ்பேட் நிறையப் போடறான். அது தெறிச்சிருந்தா இப்படித்தான் நீலம் வரும். எப்பவும் மூடியே வைக்கற தட்டு ஒண்ணு சொன்னேனே, அதைப் பார்த்தேளா?"

தூசியே படாத தட்டு ஒன்றை ஒப்பிடுவதற்காக வைக்கச் சொல்லியிருந்தார். அதுவும் மற்றத் தட்டுகளோடு வாரா வாரம் கழுவப்பட்டு, மூடியோடு எங்கள் கட்டிலுக்கு அடியில் இருந்தது. ஒன்றுமே விழாத தட்டைச் சோதித்து மருந்தை வீணாக்குவானேன் என்று நான் தள்ளிப்போட்டிருந்தேன். "பார்க்கிறேன் சார்" என்றேன். பார்க்கவில்லை. எனக்குத்தான் குற்றவாளி தெரிந்துவிட்டதே!

மறுநாள் காலை மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஷோபாதாயி அப்பளம் காயப்போடும் துணிகளைக் கசக்கிக்கொண்டிருந்தாள். வாளியில் நுரை பொங்கியது. என் தட்டுகள் அங்கிருந்து பத்தடிகூட இல்லை.

"தும் ஸாபுன்! ஸாபுன்!" என்று கத்தினேன். சோப்புக்கு அவர்கள் சொல் அது. அதற்கு மேல் இந்தி வரவில்லை. மீதியைத் தமிழில் கத்தினேன். அவளும் எழுந்து நின்று கத்தினாள். வாளியைக் காட்டி, "ரீட்டா! ரீட்டா!" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். இரண்டாவது மாடியில் ரீட்டா என்று கல்லூரிக்குப் போகிற பெண் ஒருத்தி இருந்தாள். பழியை அந்தப் பெண் மேல் போடுகிறாள் என்று எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. படியில் அந்த ரீட்டாவைப் பார்த்தபோது அவளையும் முறைத்தேன்.

அன்று மாலையே செக்ரட்டரிக்குப் புகார் எழுதினேன். அரசாங்க ஆராய்ச்சிக்கு இடையூறு, வேண்டுமென்றே செய்கிற நாசவேலை என்றெல்லாம் ஆங்கிலத்தில் நன்றாகவே எழுதினேன். அனுமதிக்கு ஐந்து வாரம் எடுத்த சொசைட்டி, இதற்கு நான்கே நாளில் கமிட்டியைக் கூட்டித் தீர்மானம் போட்டது. தரைத்தளத்து வாடகைக்காரர்கள் மாடிக்கு வரக் கூடாது. பாட்டியாவுக்கு அந்த அறையை எப்படியாவது காலி செய்ய வேண்டும் என்று முன்பே எண்ணம் இருந்தது. அதற்கு என் கையெழுத்து உதவியாகப் போயிற்று.

5

தடை போட்ட பிறகும் நீலம் குறையவில்லை.

அவள் பழிவாங்குகிறாள், நான் ஆபீஸ் போன பிறகு திருட்டுத்தனமாக மேலே வந்து நுரையை ஊற்றுகிறாள் என்று முடிவு கட்டினேன். மாடிக் கதவுக்குப் பூட்டு வாங்கினேன். சாவியை என் தாலிச் சரட்டோடு கோர்த்துப் போட்டுக்கொண்டேன். துணி உலர்த்த வருகிற பெண்கள் என் வீட்டுக் கதவைத் தட்டிச் சாவி கேட்டார்கள், முணுமுணுத்தார்கள். முணுமுணுத்துக்கொள்ளட்டும் என்று இருந்தேன்.

ஷோபாதாயி கீழே சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நாலு முழ வெயில் விழுகிற பக்கத்தில் அப்பளம் காய வைத்துப் பார்த்தாள். மண்ணும் நாய்மயிரும் ஒட்டியது. கடைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். நான் பஸ்ஸுக்கு ஓடும்போது அவள் அப்பளத்தை ஒவ்வொன்றாக எடுத்து ஊதிக்கொண்டிருப்பாள். என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

"ஏளா, அந்தப் பொம்பளை பாவம் நமக்கு வேண்டாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"உங்களுக்கு என்ன? வருசத்துக்கொரு காகிதத்தை எதிர்பார்த்தா நிக்கீங்க? வேல போனா எனக்குத்தானே போவும்" என்றேன்.

6

மே மாதக் கடைசியில் டாக்டர் சேஷாத்ரி என் மேசைக்கே வந்துவிட்டார். "மூடின தட்டோட கணக்கு எங்கம்மா?" என்றார். தமிழில் கேட்டாலும் குரல் நன்றாக இல்லை. மறுநாளே அதை எடுத்துக்கொண்டு போய்ச் சோதித்தேன்.

மாடிக்கே போகாத தட்டு. வெளிக்காற்றே படாதது. அதிலும் அதே மசி நீலம்.

குழாயை மேசையில் வைத்தேன். பிறகு அரைநாள் லீவு போட்டு வீட்டுக்கு வந்தேன்.

என் மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. நான் வைத்த பெயர் எழிலரசி. அவள் பள்ளியில் அந்த ழகரத்தை யாராலும் சொல்ல முடியாமல், அவளே தன்னை லீலா ஆக்கிக்கொண்டாள். ஆங்கிலப் பள்ளி, இந்தி, மராட்டி எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. தமிழ் மட்டும் என்னிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் குட்டு வாங்கிக்கொண்டு படித்த எழுத்துகளோடு நின்றது. அலசிய நீரை நான் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போன பிறகு, காலித் தட்டுகளையும் குண்டுகளையும் அடுத்த வாரத்துக்குக் கழுவி வைப்பது அவள் வேலை. முதல் வாரத்துக்குக் கழுவியதும் அவள்தான். எப்படிக் கழுவ வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் குளியலறைக் கதவில் ஒட்டியிருந்தேன். அன்றைக்கே அவள், "வாயால சொல்லேன் மம்மி" என்றாள். "தமிழ்தானே, படிச்சுப் பாருட்டி" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டேன்.

இப்போது கோடை லீவு. நான் உள்ளே நுழைந்தபோது அவள் குளியலறையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கோலிக்குண்டுகள் மேல் சோப்புப் பவுடரைத் தூவிக்கொண்டிருந்தாள். எங்கள் கட்டடத்தில் காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர். ஒரே ஒரு செம்பு நீரில் அலசி எடுத்தாள்.

"ஏட்டி, என்ன செய்தே?"

"நீதானே எழுதி வெச்சே!"

"எங்க எழுதியிருக்கேன்? படி."

எழுந்து வந்து ஈர விரலைத் தாளில் வைத்தாள். "சோ... சோப்பு. ப... வு... பவுடர். சோப்பு பவுடர்." என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் பெரிய பெரிய வார்த்தையா இருந்துச்சு. சோப்பு பவுடர்னு புரிஞ்சிடுச்சு, போதும்னு..."

'சோப்புப் பவுடர் ஒருபோதும் உபயோகிக்கலாகாது' என்று எழுதியிருந்தேன். என் தமிழ் மேல் எனக்கு அவ்வளவு பெருமை. கூடாது என்று எழுதியிருந்தால்கூட ஒருவேளை எழுத்துக் கூட்டியிருப்பாள்.

கை ஓங்கினேன். அவள் நகரவில்லை. "அப்போ ஷோபாதாயி ஒண்ணுமே பண்ணலியா?" என்றாள்.

"அவ நுரைய நான் கண்ணால பாத்தேன்."

"அது ரீட்டா மம்மி."

"எந்த ரீட்டா? ரெண்டாவது மாடிக்காரியா?"

"ரீட்டான்னா அந்தக் கொட்டை. தலைக்குத் தேய்ப்பாங்களே, நுரை வரும். அப்பளத் துணியில சோப்பு வாடை வரக் கூடாதுன்னு அதுலதான் துவைப்பாங்க. எல்லாருக்கும் தெரியும்."

பூந்திக்கொட்டை. அதன் நுரையில் பாஸ்பேட் கிடையாது. இரண்டே சொட்டு மருந்து விட்டுப் பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். ஷோபாதாயி அதைத்தான் என் முகத்துக்கு நேராகக் கத்தியிருக்கிறாள். ஓங்கிய கையை இறக்கினேன். மகளை அடிக்கவும் எனக்கு யோக்கியதை இல்லாமல் போயிற்று.

7

டாக்டர் சேஷாத்ரி திட்டவில்லை. அந்த வருடக் கணக்கு முழுவதையும் ஒரே கோடாக அடித்தார். எழுத்து மூலம் விளக்கம் கேட்டு எனக்கு ஒரு மெமோ கொடுத்தார், ஆங்கிலத்தில். வேலை நீடிப்புக் காகிதம் ஆறு மாதத்துக்கு மட்டும் வந்தது.

பாட்டியாவிடம் போய்ப் புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். "தீர்மானம் புத்தகத்துல ஏறியாச்சு மேடம். கமிட்டி போட்டதை ரத்து பண்ணணும்னா பொதுக்கூட்டம் வேணும், அது அடுத்த வருஷம்தான். நீங்க விண்ணப்பம் குடுங்க, மூணு பிரதி" என்றார். கொடுத்தேன்.

நேராகக் கீழே போய் அவள் கதவைத் தட்டியிருக்க வேண்டும் அல்லவா? தட்டவில்லை. இந்தியில் சரியாகச் சொல்ல வராது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பக்கத்து அறையில் என் மகள் இருந்தாள், அவளுக்குச் சொல்ல வரும். அவளைக் கூப்பிடவும் வெட்கமாக இருந்தது. மழை வலுத்த ஒரு நாள் ஆபீஸிலிருந்து வந்தால் தரைத்தளத்து அறையில் பூட்டுத் தொங்கியது. கல்யாண் என்ற ஊரில் அவள் தம்பி வீட்டுப் பக்கம் போய்விட்டார்கள் என்று பால்காரன் சொன்னான்.

ஆறு மாதம் முடிந்ததும் இன்னொரு காகிதம் வந்தது. அடுத்த பிப்ரவரியில் மறுபடி தட்டுகளை வைத்தேன். கழுவுவது முழுக்க என் கையால். மாடியில் வேறு யாரும் இல்லை. வானம் வெளுத்து, கண்ணில் மண் உறுத்திய ஒரு வாரத்துக்குப் பிறகு எடுத்த நீரில், வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்தால் மட்டும் தெரிகிற மெல்லிய நீலம் வந்தது. மூடிய தட்டில் ஒன்றுமில்லை. காற்று ஓய்ந்த வாரங்களில் குறைந்தது, அடித்த வாரங்களில் கூடியது.

"இதாம்மா. இது வந்த சரக்கு" என்றார் டாக்டர். அன்று மற்றவர்கள் எதிரிலேயே தமிழில் சொன்னார். எங்கோ ஒரு பாலைவனத்துப் பாறை, கடலைத் தாண்டி வந்து, அந்தத் துளியளவில் இங்கே இறங்கிக்கொண்டிருப்பது உண்மைதான். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மாடிப்படி இறங்கும்போதெல்லாம் தரைத்தளத்துப் பூட்டு கண்ணில் பட்டது.

8

இந்த ஜூனில் பொதுக்கூட்டம் கூடித் தடையை நீக்கியது. மராட்டியில் தட்டச்சு செய்து, முத்திரை குத்திய நகல் ஒன்றை பாட்டியாவிடம் கேட்டு வாங்கினேன். அதைக் கையில் எடுத்துக்கொண்டு, மகளையும் அழைத்துக்கொண்டு கல்யாணுக்குப் போனேன். உண்மையைச் சொல்லுகிறேன்: அந்தக் காகிதத்தைப் பார்த்தால் அவள் மனம் இளகும் என்றுதான் நினைத்தேன்.

விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தோம். ஒரு நீளத் தாழ்வாரம், வரிசையாக அறைகள். கதவைத் திறந்த ஷோபாதாயி மெலிந்திருந்தாள். இங்கே காய வைக்க இடமில்லாததால் அப்பளத்தை விட்டுவிட்டு, ஒரு கேன்டீனில் சப்பாத்தி இடப் போகிறாளாம். புருஷன் சுவரோரம் படுத்திருந்தவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

என் மகளைப் பார்த்து, "லீலூ!" என்றாள். என் பக்கம் திரும்பவில்லை.

காகிதத்தை நீட்டினேன். நின்றபடியே இரண்டு முறை படித்தாள். மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"சொல்லுட்டி" என்றேன் மகளிடம். "தப்பு என்னோடதுன்னு சொல்லு. விசாரிக்காம எழுதிக் குடுத்துட்டேன்னு சொல்லு. மன்னிச்சிரச் சொல்லு."

அவள் மராட்டியில் சொன்னாள். நான் சொன்னதைவிட நீளமாகச் சொன்னாள். நடுவில் அழுதாள். ஷோபாதாயி அவளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, முதுகைத் தடவியபடி தாழ்ந்த குரலில் வெகுநேரம் பேசினாள். அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டாள். ஒரே ஒரு கிளாஸில் ஊற்றி அவளிடம் கொடுத்தாள். அவள் குடித்து முடிக்கும் வரை நான் நிலைப்படியில் நின்றேன். உட்காரச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருப்பேனா என்று தெரியவில்லை.

திரும்பும் ரயிலில் கூட்டம் குறைவு. தாணே தாண்டுகிற வரை பொறுத்தேன்.

"என்னட்டி சொன்னா?"

ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "என்மேல கோபம் இல்லையாம். உன்னை மன்னிக்க மாட்டாங்களாம்."

"சரியாக் கேட்டியா?"

"ரெண்டு தடவை கேட்டேன்."

"அவ்வளவு நேரம் பேசினாளே. இவ்வளவுதானா?"

"மீதி எனக்குச் சொன்னது" என்றாள். "உனக்கு இல்ல."